பருத்தியை அழித்த வண்டுக்கு நடுத்தெருவில் சிலை ஏன்? அலபாமா விவசாயம் பற்றி ஒரு சந்தேகம்

செந்தில், மான்ட்கமரி

வணக்கம். கார் உதிரிபாகத் தொழிற்சாலை வேலைக்காக ஸ்ரீபெரும்புதூரிலிருந்து இங்கே வந்து மூன்று வருடம் ஆகிறது. மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். அலபாமாவில் நான்காம் வகுப்புச் சமூக அறிவியல் என்றாலே மாநில வரலாறுதான். இந்த மாதம் விவசாயத்தைப் பற்றி ஓர் அட்டை தயாரித்து, வகுப்பில் ஐந்து நிமிடம் பேசவேண்டுமாம். தலைப்பு கிடைத்தது அவளுக்கு, தூக்கம் போனது எனக்கு.

கோடை விடுமுறையில் ஃப்ளோரிடா கடற்கரைக்குப் போனபோது என்டர்பிரைஸ் என்ற ஊரில் வண்டியை நிறுத்தினோம். முக்கிய வீதியின் நடுவே ஒரு வெள்ளைச் சிலை. கிரேக்கப் பெண்மணி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி எதையோ ஏந்தியிருக்கிறாள். கலசமாக இருக்கும் என்று கிட்டே போய்ப் பார்த்தால், பெரிய கறுப்பு வண்டு! பருத்தியை நாசமாக்கிய வண்டாம். கீழே அதற்கு நன்றி சொல்லிக் கல்வெட்டு வேறு. "எங்கள் அப்பா தென்னந்தோப்பில் காண்டாமிருக வண்டுக்குச் சிலை வைக்கச் சொல்லவா?" என்று மனைவி கேட்டாள்.

பாடப்புத்தகத்தில் இருப்பதன் சாரம் இதுதான். பருத்தி ராஜாவாக இருந்தது, வண்டு வந்தது, டஸ்கீகி என்ற ஊரின் கறுப்பினக் கல்லூரியில் இருந்த வேளாண் விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் வேர்க்கடலை போடச் சொன்னார், எல்லோரும் போட்டார்கள், செழித்தார்கள். எனக்கு இது இடிக்கிறது. வேலை நிமித்தமாக மாதம் இரண்டு முறை 80ஆம் நெடுஞ்சாலையில் செல்மா வரை போகிறேன். ஒரு காலத்தில் பருத்திக்கே பேர்போன பகுதி என்கிறார்கள். இன்றைக்குச் சாலையின் இரு பக்கமும் மாடு மேய்கிறது, பைன் மரம் நிற்கிறது, நடுநடுவே ஆளில்லாத வீடு. பருத்தியே அரிது, கடலையும் இல்லை. செழித்தவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒன்பது வயதுக் குழந்தைக்குப் புரியும்படி நான் சொல்லிக்கொள்கிறேன், முதலில் எனக்குப் புரிந்தால் போதும்.

வெங்கடாசலம், டோத்தன்

தம்பி, இடிக்க வேண்டிய இடத்தில்தான் இடித்திருக்கிறது.

நான் திண்டிவனம் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் வேர்க்கடலை என்று யாரும் சொல்லமாட்டார்கள், மல்லாட்டைதான். 1994இல் டோத்தனுக்கு வந்து, விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து, ஓய்வு பெற்றுவிட்டேன். ஏழு கடல் தாண்டி வந்தும் மல்லாட்டை என்னை விட்டபாடில்லை.

வண்டிலிருந்து தொடங்குகிறேன். கால் அங்குல நீளம்தான், மூக்கு நீண்ட கூன்வண்டு. பெயர் காய்வண்டு என்றாலும் முதலில் கைவைப்பது சப்பையில், அதாவது பூ மொட்டில். மொட்டைத் துளைத்து உள்ளே முட்டை வைத்துவிடும். புழு உள்ளிருந்தே தின்று வளரும், சப்பை பழுத்து உதிர்ந்துவிடும். மேலே என்ன தெளித்தாலும் உள்ளே இருக்கிற புழுவுக்கு எட்டாது. மெக்சிகோவிலிருந்து 1892 வாக்கில் டெக்சாஸுக்குள் நுழைந்தது. 1910இல் அலபாமாவின் தென்மேற்கு மூலைக்கு வந்தது. 1915இல் என்டர்பிரைஸ் இருக்கிற காஃபி மாவட்டத்தைத் தொட்டது. ஆக, இருபது வருடத்துக்கும் மேலாக அது ஊர் ஊராக வருவதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வரப்போகிறது என்று தெரிந்தும் ஏன் பயிரை மாற்றவில்லை? உங்கள் மகள் கேட்கவேண்டிய கேள்வி இதுதான் என்பேன்.

மாற்றும் உரிமை உழுதவன் கையில் இல்லை. உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்த பிறகு இங்கே கையில் காசு கிடையாது. வசந்தத்தில் கடைக்காரர் விதை, உரம், மாவு, உப்புக்கண்டம் எல்லாம் கடனுக்குக் கொடுப்பார். இன்னும் முளைக்காத பயிரே அதற்கு அடமானம். வட்டியைச் சொன்னால் நம் ஊர்க் கந்துவட்டிக்காரர்களே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அந்தக் கடைக்காரர், "பருத்தி போட்டால் கடன், இல்லையென்றால் கிடையாது" என்பார். அவர் பக்கத்து நியாயம் எளிது. பருத்தியைத் தின்ன முடியாது, அது அழுகாது, என்றைக்கு எடுத்துப் போனாலும் விலை உண்டு. சோளம் போட்டால் குடியானவன் வீட்டிலேயே அரைத்துத் தின்றுவிடுவான், பிறகு கடைக்கு எவன் வருவான்?

என் அப்பாவும் மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கித்தான் மல்லாட்டை விதைத்தார். ஒரு வருடம் பாதி நிலத்தில் கேழ்வரகு போடுகிறேன் என்று சொன்னதற்கு, மண்டிக்காரர் பேரேட்டை மூடி வைத்துவிட்டு, "அப்படியானால் கேழ்வரகு மண்டியில் கேட்டுப் பாருங்கள்" என்றாராம். அப்பா வாயைத் திறக்காமல் மல்லாட்டையே விதைத்தார். ஆகவே இந்தக் கதையை நான் அலபாமாவில் வந்து புதிதாகப் படிக்கவேண்டியிருக்கவில்லை.

வண்டு செய்த ஒரே நல்ல காரியம், பருத்தியின் மீது கடன் கொடுத்தவர்களுக்கு இருந்த நம்பிக்கையை உடைத்தது. காஃபி மாவட்டத்தில் எச். எம். செஷன்ஸ் என்ற உள்ளூர்ப் பிரமுகர் 1916இல் சி. டபிள்யூ. பேஸ்டன் என்ற கடன்பட்ட விவசாயியைப் பிடித்து, முழுக்க வேர்க்கடலை போட வைத்தார். விளைந்தது, கடன் அடைந்தது. அந்தக் கடலையை மற்றவர்கள் விதைக்கு வாங்கிப் போனார்கள். முதல் உலகப் போர்க் காலம், எண்ணெய்க்கு நல்ல கிராக்கி. பன்றிகளை நேரே வயலில் விட்டுக் கடலையை மேயவைத்தும் காசு பார்த்தார்கள். மூன்றே வருடத்தில், 1919 டிசம்பர் 11 அன்று சிலை திறந்தாகிவிட்டது. அப்போது அந்த அம்மையின் கையில் வண்டு இல்லை, சும்மா நீரூற்றுதான். 1949இல்தான் வண்டை ஏற்றினார்கள். அதைத் திருடிக்கொண்டு போவது ஊர் வாலிபர்களுக்கு ஒரு பொழுதுபோக்காகவே இருந்திருக்கிறது. 1998இல் சிலையையும் உடைத்துவிட்டார்கள். நீங்கள் வீதியில் பார்த்தது நகல், அசல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கார்வரைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். அடிமையாகப் பிறந்து, அயோவாவில் படித்து, 1896இல் அந்தக் கல்லூரியின் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் அழைத்ததால் டஸ்கீகிக்கு வந்தவர். பருத்தி தின்று தீர்த்த மண்ணைப் பார்த்துவிட்டு, தட்டைப்பயறு போடுங்கள், சர்க்கரைவள்ளி போடுங்கள், கடலை போடுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டார். 1906இல் ஒரு வண்டியில் விதையும் கருவியும் ஏற்றி வயல்வெளிக்கே பள்ளிக்கூடத்தை அனுப்பினார்கள், ஜெசப் வண்டி என்று பெயர். ஆனால் 105 பண்டங்களின் செய்முறையோடு அவர் எழுதிய கடலைக் கையேடு வந்தது 1916, பேஸ்டன் விதைத்த அதே வருடம். கார்வர் மனத்தில் இருந்தவர் பேஸ்டன் மாதிரி ஆள் அல்ல. கடைக்காரரிடம் கடன் சொல்லாமல் வீட்டில் விளைந்ததைச் சமைத்துச் சாப்பிடவேண்டிய ஏழைக் கறுப்பினக் குடியானவர் அவர் மனத்தில் இருந்தார். கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் கார்வர் என்று மகள் எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள், அது அவர் கண்டுபிடித்ததல்ல.

செல்மா பக்கம் ஏன் கடலை இல்லை என்பதற்குப் பாதி பதில் மண்ணிலேயே இருக்கிறது. கடலைப் பூ உதிர்ந்த பின் விழுது இறங்கி மண்ணுக்குள் காய்க்கிறது. டோத்தனும் என்டர்பிரைஸும் இருக்கிற எங்கள் வயர்கிராஸ் பகுதியின் மணல் கலந்த மண் அதற்குத் தாய்மடி. செல்மாவின் களிமண்ணில் விழுது இறங்காது, இறங்கினாலும் காயைப் பிடுங்க முடியாது. மீதிப் பாதியை அந்தப் பக்கம் இருப்பவர்கள் சொல்லட்டும்.

நித்யகல்யாணி, செல்மா

வெங்கடாசலம் ஐயா பேரேட்டிலிருந்து தொடங்கினார். நான் அதற்கும் முன்னால் போகவேண்டும் என்று நினைக்கிறேன். நிலமே யாருடையது?

1814இல் ஆண்ட்ரூ ஜாக்சன் க்ரீக் பழங்குடியினரைத் தோற்கடித்து ஜாக்சன் கோட்டையில் எழுதி வாங்கிய நிலம் 2 கோடியே 30 லட்சம் ஏக்கர், அலபாமாவிலும் ஜார்ஜியாவிலுமாக. ஐந்தே வருடத்தில், 1819இல், அலபாமா மாநிலமாகிவிட்டது. மிச்சம் இருந்த க்ரீக் மக்களையும் 1830களில் மேற்கே துரத்தினார்கள். அந்த வெற்றிடத்தில் வந்ததுதான் பருத்தியும், பருத்தியோடு அடிமைகளும். 1860 கணக்கெடுப்பில் அலபாமாவின் மக்கள்தொகை 9,64,201. அதில் 4,35,080 பேர் அடிமைகள். செந்தில், நீங்கள் போகிற 80ஆம் சாலையின் இரு பக்கமும் அவர்கள் உழுத நிலம்தான். கறுப்பு மண் பட்டை என்று மண்ணின் நிறத்தை வைத்து வந்த பெயர், பிறகு அங்கே உழைத்த மக்களையும் சேர்த்தே குறிக்கத் தொடங்கியது.

நான் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் செவிலியர். பாதிப் பேர் எண்பதைத் தாண்டியவர்கள். இரத்த அழுத்தம் பார்க்கப் போனால் அரை மணி நேரம் கதை கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும். ஒரு பாட்டி சொன்னார், சின்ன வயதில் அவர்கள் வீட்டில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கதையாம். விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு உழுகிறவன் அறுவடை முடிந்து கணக்குத் தீர்க்கப் போனானாம். நிலக்காரர் பேரேட்டைப் புரட்டி, "இந்த வருடம் சரிக்குச் சரி, நீயும் தரவேண்டாம், நானும் தரவேண்டாம்" என்றாராம். "அப்பாடா, வண்டியில் இன்னும் ஒரு பொதி பருத்தி இருக்கிறது, அது எனக்குத்தானே?" என்று இவன் கேட்டானாம். நிலக்காரர் உடனே, "அதை ஏன் முன்பே சொல்லவில்லை? இப்போது சரிக்குச் சரி வரும்படி கணக்கைத் திரும்பப் போடவேண்டுமே" என்றாராம். பாட்டி சிரித்த சிரிப்பில் நான் அழுத்தமானியைக் கழற்றி மறுபடி கட்டவேண்டியதாயிற்று.

ஜீஸ் பெண்ட் பற்றி மகளுக்குச் சொல்லுங்கள். வில்காக்ஸ் மாவட்டத்தில் அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்ட கறுப்பின மக்களின் ஊர். 1932இல் அந்த ஊருக்குக் கடன் கொடுத்துவந்த வியாபாரி இறந்ததும், அவர் குடும்பத்தார் ஆட்களை அனுப்பி அறுபது குடும்பங்களின் கோவேறு கழுதை, மாடு, கலப்பை, சேமித்த தானியம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவில் ஓட்டினார்கள். பிறகு 1930களின் இறுதியில் மத்திய அரசு அந்தப் பண்ணையை வாங்கி, வீடு கட்டிக்கொடுத்து, குறைந்த வட்டியில் அவர்களுக்கே விற்றது. இந்த ஒன்றுதான் அவர்களைக் காப்பாற்றியது. எப்படி என்றால், 1965இல் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்ததற்காகப் பக்கத்து லௌண்டஸ் மாவட்டத்தில் கறுப்பினக் குத்தகைக்காரர்களை நிலத்தை விட்டே கிளப்பினார்கள். அவர்கள் 80ஆம் நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரம் அடித்து மாதக்கணக்கில் வாழ்ந்தார்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு நினைவு மையம் இருக்கிறது, நீங்கள் மாதம் இரண்டு முறை தாண்டிப் போகிறீர்கள், ஒரு தடவை இறங்கிப் பாருங்கள். ஜீஸ் பெண்டிலோ நிலம் சொந்தம், கிளப்ப முடியவில்லை. அதற்குப் பதிலாக ஆற்றைக் கடக்கும் படகை 1962இல் நிறுத்தியிருந்தார்கள். எதிர்க்கரையில் இருந்த மாவட்டத் தலைநகருக்குப் போகச் சுற்றுவழி ஒரு மணி நேரத்துக்கு மேல். படகு திரும்ப வந்தது 2006இல்! அந்த ஊர்ப் பெண்கள் வயலில் உடுத்திக் கிழிந்த துணிகளை வெட்டித் தைத்த போர்வைகள் இன்று பெரிய அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. முழங்கால் தேய்ந்த இடம் மட்டும் நிறம் மாறி இருப்பதைக் கிட்டே போனால் பார்க்கலாம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். செழித்தவர்கள் எங்கே என்றீர்கள். இந்தப் பகுதியில் உழுதவர்கள் செழிக்கவில்லை, கிளம்பிவிட்டார்கள். டெட்ராய்ட், சிகாகோ, கிளீவ்லாந்து. 1920இல் நாடு முழுக்க 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள், இப்போது 50 ஆயிரத்துக்கும் குறைவு. விவசாயக் கடன் தருவதில் அரசுத் துறையே பாரபட்சம் காட்டியது என்று அவர்கள் தொடுத்த வழக்கு 1999இல்தான் சமரசத்துக்கு வந்தது. ஐயா சொன்ன அதே பேரேடுதான், மேசை மட்டும் வேறு.

செல்மாவுக்கு மேற்கே இன்னும் போனால் குளம் குளமாகப் பார்ப்பீர்கள், கெளுத்தி மீன் வளர்க்கிறார்கள். நீரை விடாத களிமண் அதற்குத் தோது. அதே மண்தான் கழிவுத்தொட்டி நீரையும் உள்ளே வாங்காது. லௌண்டஸில் என் நோயாளிகள் சிலர் வீட்டுக் கொல்லையில் சாக்கடை தேங்கி நிற்பதைத் தாண்டிக்கொண்டுதான் படியேறுகிறேன்.

ராஜாமணி, கோவில்பட்டி

ஊரில் இருந்து எழுதுகிறேன், தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நீங்கள் சொல்வது எங்கள் காய்ப்புழுதானே? எங்கள் கரிசலில் அது இன்றைக்கும் உண்டு, சிலை வைக்கும் எண்ணம் யாருக்கும் இல்லை.

இன்னொன்று. 1840களில் கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து பருத்தித் தோட்டக்காரர்கள் சிலரைக் கூலிக்கு அமர்த்தி இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. கோயம்புத்தூரில் தாவரவியலாளர் ராபர்ட் வைட் மேற்பார்வையில் சோதனைப் பண்ணை நடந்தது. நம் சம்சாரிகளுக்குப் பருத்தி போடக் கற்றுத்தர வந்தவர்கள்! அதற்கு இருபது வருடம் கழித்து அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு துறைமுகங்கள் அடைபட்டதும், மான்செஸ்டர் ஆலைகள் திருநெல்வேலிப் பருத்திக்கு அலைந்தன. தூத்துக்குடியில் பருத்தி பொன்னாக விற்றதும், போர் முடிந்ததும் விலை பொத்தென்று விழுந்ததும் அதே அலபாமாக்காரர்களால்தான்.

என் மைத்துனர் பல்லடத்தில் கறிக்கோழிக் கொட்டகை போட்டிருக்கிறார். குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, கொட்டகைக் கடன் மட்டும் இவருடையது. நித்யகல்யாணி அம்மா சொன்ன அந்தப் பாட்டியின் கதையை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

வெங்கடாசலம், டோத்தன்

ராஜாமணி, காய்ப்புழு வேறு, இது வேறு. காய்ப்புழு அந்துப்பூச்சியின் பிள்ளை. இது வண்டு, அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி எங்கும் போகவில்லை, உங்கள் கரிசல் பிழைத்தது. இங்கேயும் 1978இல் வடக்குக் கரோலினா பக்கம் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்தால் அதை அநேகமாக ஒழித்துவிட்டார்கள். நான் வந்த புதிதில் வயலோரம் எல்லாம் இளம்பச்சை நிறத்தில் இனக்கவர்ச்சிப் பொறிகள் குச்சியில் நிற்கும். ஏதோ குழந்தை விளையாட்டுச் சாமான் என்று ஒன்றைப் பிடுங்கப் போய்த் திட்டு வாங்கினேன்.

உங்கள் மைத்துனர் நிலைமை இங்கேயும் உண்டு. வடக்கே கல்மன் பக்கம் போனால் கோழிக் கொட்டகை வரிசை வரிசையாக நிற்கிறது, ஒப்பந்தமும் அதே ஒப்பந்தம். அலபாமா விவசாயத்தில் இன்று பருத்தியையும் கடலையையும்விடப் பெரிய பணம் கோழியில்தான்.

நித்யகல்யாணி அம்மா, நிலத்திலிருந்து தொடங்கியிருக்கவேண்டும் என்றது சரி. காஃபி மாவட்டத்துக் கடலையும் க்ரீக் மக்களின் நிலத்தில் விளைந்ததுதான். நான் முப்பது வருடம் அந்த மண்ணைச் சல்லடையில் சலித்தும் அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

செந்தில், மான்ட்கமரி

எல்லோருக்கும் நன்றி. நேற்று குடும்பத்தோடு அந்த நினைவு மையத்துக்குப் போய்வந்தோம். அட்டையின் நடுவே வண்டை வரைந்தாகிவிட்டது. ஒரு பக்கம் கடைக்காரரின் பேரேடு, மறுபக்கம் கிழிந்த காற்சட்டையில் தைத்த போர்வை. என் பழைய ஜீன்ஸ் ஒன்று அதற்குப் பலியானது.

திரும்பும் வழியில் சாலையோரம் ஒருவர் பெரிய அண்டாவில் கடலை அவித்து விற்றார். பலகையில் 'கூபர்' என்று எழுதியிருந்தது. அது என்ன சொல் ஐயா? அப்படியே நம் ஊர் ருசி. ஆனால் வீட்டில் அவித்தால் அந்த உப்பு உள்ளே இறங்கவே மாட்டேன் என்கிறது.

வெங்கடாசலம், டோத்தன்

கூபர் என்பது ஆப்பிரிக்கச் சொல். காங்கோ பக்கத்து மொழியில் 'ங்குபா'. கடலை பிறந்தது தென் அமெரிக்காவில், ஆனால் இந்த ஊருக்கு அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர்கள் கப்பலில் அடைத்து வந்த அடிமைகள். நாம் மணிலாவிலிருந்து வந்தது என்று நினைத்து மணிலாக்கொட்டை என்றோம், அது தேய்ந்து மல்லாட்டை ஆனது. இதையும் அட்டையில் ஒரு மூலையில் எழுதச் சொல்லுங்கள், இடம் இருந்தால்.

உப்பு இறங்காததற்குக் காரணம், நீங்கள் காய்ந்த கடலையை வாங்கியிருப்பீர்கள். பிடுங்கி ஓரிரு நாள் ஆன பச்சைக் கடலையாகக் கேட்டு வாங்குங்கள், அக்டோபர் வரை கிடைக்கும். நம் வீட்டில் மாதிரி அரை மணியில் இறக்கக்கூடாது. உப்பை முதலிலேயே தாராளமாகப் போட்டு, மூன்று மணி நேரமாவது கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்த பிறகும் அந்தத் தண்ணீரிலேயே இரவு முழுக்க ஊறவிடுங்கள்.